தலைப்பில் எலியையும் சேருங்கள்: நலவாழ்வுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதை எலிகளிடம் ஆராயும் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருடம் என் பெரியப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்து நீட்டினார். சர்க்கரைக்காரர்களுக்கு இனி பார்வை போகாது என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. எலி என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் வந்தது. அதை நம்பி, கண்ணுக்குள் போட வேண்டிய ஊசியை இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருந்தார். "மருந்துதான் வருதேப்பா, எதுக்கு கண்ணுல குத்திக்கிட்டு?"

எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. ஒருவர் மட்டும் செய்கிற காரியமில்லை இது.

எங்கள் எலிக்குச் சர்க்கரை வருவது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால். ஊசி போட்டால் இன்சுலின் சுரக்கும் செல்கள் செத்துப்போகும். சில நாளில் எலி தண்ணீராகக் குடித்துத் தள்ளும். மற்றக் கூண்டுகளுக்கு வாரம் இரண்டு முறை உமி மாற்றினால் போதும். இதற்குத் தினமும் மாற்ற வேண்டும். பல மாதம் கழித்து விழித்திரையை எடுத்து, புரதத்தைக் கரைக்கும் டிரிப்சின் என்ற நொதியில் ஊறவைப்போம். மற்றதெல்லாம் கரைந்து ரத்தக்குழாய் வலை மட்டும் மிஞ்சும், கொசுவலையைவிட மெல்லிசாக. குழாயை ஒட்டி உருண்டையாக, கருப்பாகத் தெரிபவை, குழாயைச் சுற்றித் தாங்கும் பெரிசைட் என்ற செல்களின் உட்கருக்கள். சர்க்கரையில் சீக்கிரமே சாகிறவற்றில் அவையும் உண்டு. இருந்த இடம் வெறும் பையாகத் தெரியும். மனிதக் கண்ணிலும் இப்படித்தான். இதுவரை எலி நல்ல சாட்சி.

அதற்குமேல் எலி வராது. நாம் எழுத்தைப் படிக்க உதவும் மாக்குலா என்ற விழித்திரையின் நடுப்பகுதி எலிக்குக் கிடையாது. மனிதர்களுக்குப் புதுக் குழாய் முளைத்து ரத்தம் கசிகிற கட்டமும் சர்க்கரை எலிக்கு வருவதில்லை. அதை ஆராய, பிறந்து ஏழு நாளான சுண்டெலிக் குட்டிகளை 75 சதவீத ஆக்சிஜனில் ஐந்து நாள் வைத்துவிட்டுச் சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவருவார்கள். குழாய்கள் முளைக்கும். ஆனால் அந்தக் குட்டிக்குச் சர்க்கரை நோயே கிடையாது! இந்தக் குட்டியை வைத்துத்தான் 'சர்க்கரைக் குருட்டுக்கு மருந்து' என்று தலைப்புப் போடுகிறார்கள்.

விலங்கு ஆய்வு வீண் என்று சொல்லவில்லை, அது என் சோறு. புதுக் குழாயை முளைக்கவைக்கும் விஇஜிஎஃப் என்ற புரதம் நோயாளிகளின் கண் திரவத்தில் மிகுந்திருப்பதை 1994இல் காட்டினார்கள். அதைத் தடுத்தால் புதுக் குழாய் குறைகிறது என்று 1995இல் அதே மாதிரிக் குட்டிகளிடம் தெரிந்தது. பெரியப்பா தள்ளிப்போட்ட ஊசி அந்தப் புரதத்தைத் தடுக்கிற மருந்துதான். 1987இல் வெளியான நாய் ஆய்வு ஒன்று உண்டு: இரண்டரை வருடம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் விட்டு, அடுத்த இரண்டரை வருடம் நன்றாகக் கட்டுப்படுத்தியும் கண் கெடுவது நிற்கவில்லை. தாமதம் என்ன செய்யும் என்று சொல்கிற இந்தச் செய்திக்கல்லவா கொட்டை எழுத்துப் போட்டிருக்க வேண்டும்? மறுபக்கம் 'சார்பினில்' என்ற மருந்து. உடலில் சர்க்கரையை சார்பிடால் என்ற வேறொரு பொருளாக மாற்றும் நொதியைத் தடுப்பது அது. விலங்குகளில் பெரிய நம்பிக்கை தந்த வழி. நோயாளிகளிடம் பலன் இல்லை என்று 1990இல் முடிவு வந்தது.

எனவே எலியைத் தலைப்பிலேயே போடுங்கள். மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பல ஆய்வுகளில் எலிக்குச் சர்க்கரை வந்த கையோடு மருந்து தொடங்கிவிடுவோம். மனிதர்களோ பல வருடம் கழித்து, எழுத்து மங்கிய பிறகு வருகிறார்கள். வராமல் தடுப்பதும் வந்ததைத் திருப்புவதும் ஒன்றல்ல. கூடவே, இப்போது எடுக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரி.

சந்தேகம் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். காலை பத்துக்கு மேல் என்றால் நல்லது, அதுவரை உமி மாற்றிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
எலிக்கூண்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்