வரம்பை நீக்கச் சொன்ன பதில் ஆபத்தானது

ஆசிரியர் அவர்களுக்கு,

லினக்ஸ் சர்வரில் ‘திறந்த கோப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன’ என்று பிழை வருவதாகக் கேட்ட வாசகருக்கு, வரம்பு ஒரு தடை என்று சொல்லி, பயனர்களின் வரம்புகளைக் குறிக்கும் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் அதை ‘அன்லிமிடெட்’ (எல்லையற்றது) ஆக்கும்படி தங்கள் கணினிப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. மாணவர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் சர்வர்களைப் பராமரிப்பவள் நான். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒரு நிரல் திறக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு, இயங்குதளத்தின் மையமான கர்னலே ஓர் உச்சம் வைத்திருக்கிறது, வழக்கமாக 10,48,576. அதைத் தாண்டி, முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கான ரூட் கேட்டாலும் மறுத்துவிடும். லினக்ஸின் பல பதிப்புகளில் அந்த மறுப்பு லாகினையே முறித்துவிடும். பிறகு ரூட்டாலும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம்.

அந்தப் பிழை வருவதற்குப் பெரும்பாலும் நிரல்தான் காரணம். லினக்ஸில் திறந்த கோப்பாகவே எண்ணப்படும் நெட்வொர்க் இணைப்பைத் திறக்கிறது, வேலை முடிந்தும் மூடுவதில்லை. வழக்கமாக இருக்கும் 1024 என்ற மென்வரம்பு (உச்சத்துக்குள் உயர்த்திக்கொள்ளக்கூடிய வரம்பு) அதை இன்றே காட்டிக்கொடுக்கிறது. வரம்பை உயர்த்தினால் அடுத்த வாரம் தெரியவரும், அவ்வளவுதான். திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை இயக்கினால் மூடாமல் விட்டவை வரிசையாக வந்து நிற்கும். தரவுத்தள சர்வர்களுக்கு உண்மையாகவே கூடுதல் தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கும் சேவைகளுக்கு லிமிட்ஸ்.கான்ஃப் செல்லாது. அந்தச் சேவையின் அமைப்புகளைக் கொண்ட யூனிட் கோப்பில் லிமிட்நோஃபைல் என்ற வரியில் தேவையான எண்ணை எழுத வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ பேர் தவறான கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நினைவகத்துக்கு வரம்பே இல்லாவிட்டால் இன்னும் மோசம். ஒரு மாணவரின் நிரல் கட்டுமீறி வளர்ந்து நினைவகம் தீர்ந்ததும், கர்னல் ஏதாவதொரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். அதிகம் உண்பதையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளம் பலியாவதுண்டு. இதனால்தான் எங்கள் சர்வர்களில் ஒவ்வொரு பயனருக்கும், நிரல்களைக் குழுவாக்கி அளவு விதிக்கும் சிக்ரூப் என்ற கர்னல் வசதி வழியாகத் தனி நினைவக உச்சம் வைத்திருக்கிறோம். அதில் மெமரி.ஹை என்ற முதல் அளவைத் தாண்டினால் நிரல் மெதுவாகும், மெமரி.மேக்ஸ் என்ற இறுதி அளவைத் தொட்டு, இடமும் மீட்க முடியாதபோது, அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு நிரல் நிறுத்தப்படும். பக்கத்தில் வேலை செய்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. பிறருடைய உழைப்பைக் காப்பதற்காக வைக்கும் வரம்பைத் தடை என்று எழுதுவது எனக்கு வேதனை தருகிறது.

தங்கள் பதிலை நம்பி யாரேனும் அந்தக் கோப்பைத் திருத்தியிருக்கலாம். திறந்திருக்கும் ரூட் அமர்வை மூடாமல், மாற்றத்தை நீக்கிவிட்டு, வேறொரு முனையத்தில் நுழைய முடிகிறதா என்று சோதித்த பிறகே வெளியேறும்படி அவர்களுக்கு நாளைய இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்