கட்டைவிரலில் சுட்ட எழுத்து

வரலாற்றுத் தொடர்கள் எடுக்கும் இயக்குநர்களுக்கும் கதாசிரியர்களுக்கும்,

வணக்கம். சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து, 2008இல் அமெரிக்கத் தொலைக்காட்சி எச்பிஓ வெளியிட்ட ‘ஜான் ஆடம்ஸ்’ தொடரின் ஏழு பகுதிகளையும் பார்த்து முடித்தேன். அமெரிக்காவின் இரண்டாவது அதிபரின் கதை. எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்திருந்தது. பிடித்ததால்தான் இந்தக் கடிதம்.

அம்மை குத்தும் காட்சியை மறக்கவே முடியவில்லை. நோயாளியின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, ஆடம்ஸின் மனைவி அபிகேலின் கையைக் கீறி அதில் வைக்கிறார் மருத்துவர். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கணவர் பிலடெல்பியாவில் விடுதலைப் பிரகடனத்துக்கு வாதாடிக்கொண்டிருந்த 1776இல் ஒரு தாய் தனியாக எடுத்த முடிவு அது. அந்தத் துணிச்சலைப் புத்தகத்தில் படிப்பது வேறு, முகத்தில் பார்ப்பது வேறு. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய முடியும்.

ஆனால் முதல் பகுதியிலேயே ஓர் இடம் இடறியது. 1770 மார்ச் 5 இரவு பாஸ்டனில் ஆங்கிலேயப் படைவீரர்கள் கூட்டத்தைச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வீரர்களுக்காக வாதாட முன்வந்தார் ஆடம்ஸ். தொடரில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே விசாரணை, எல்லாருக்கும் விடுதலை. மகள் நெகிழ்ந்துபோனாள். மறுநாள் கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டாள்: “அப்பா, ரெண்டு பேருக்குத் தண்டனை கிடைச்சிருக்கே, அதை ஏன் காட்டலை?”

அவள் கேட்டது சரிதான். நடந்தவை இரண்டு விசாரணைகள். வீரர்களின் தலைவர் கேப்டன் பிரெஸ்டனுக்கு அக்டோபரில் தனியாக நடந்தது, அவர் விடுதலையானார். எட்டு வீரர்களுக்கு நவம்பர் கடைசியில் தொடங்கியது. ஆறு பேர் விடுதலை. கில்ராய், மான்ட்கோமரி இருவரும் கொலையாகாத மரணம் விளைவித்ததாகக் குற்றவாளிகள் ஆனார்கள். பழைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்த ஒரு சலுகையைக் கேட்டுப் பெற்றுத் தூக்கிலிருந்து தப்பினார்கள். ஆனால் அதே சலுகையை இன்னொரு முறை கேட்க முடியாதபடி, கட்டைவிரலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். இதைவிடக் காட்சிக்கு என்ன வேண்டும்? வாதாடி ஜெயித்த வழக்கறிஞருக்கும் முழு வெற்றி இல்லை, ஊருக்கும் முழு நீதி இல்லை. அந்தச் சூட்டைக் காட்டியிருந்தால் ஆடம்ஸ் இன்னும் பெரியவராகத் தெரிந்திருப்பார்.

பிரிட்டனோடு அமெரிக்கா செய்துகொண்ட ஜே ஒப்பந்தமும் அப்படித்தான். செனட்டில் வாக்குகள் சரிபாதியாக நிற்க, துணை அதிபர் ஆடம்ஸ் தன் வாக்கைப் போட்டு நிறைவேற்றுவதாகக் காட்டினீர்கள். ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சரிபாதி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1795இல் 20க்கு 10 என்று நிறைவேறியது. அவர் நிஜமாகவே சமநிலையை உடைத்த நாள்கள் இருக்கின்றன. அமைச்சரை நீக்கும் அதிகாரம் அதிபருக்கு உண்டா என்று 1789இல் நடந்த வாக்கெடுப்பு அதில் ஒன்று. அதை எடுத்திருக்கலாமே.

இத்தனைக்கும், கடைசிப் பகுதியில் கிழவர் ஆடம்ஸை விடுதலைப் பிரகடனத்தைப் பற்றி ஓவியர் டிரம்புல் வரைந்த பிரம்மாண்ட ஓவியத்தின் முன் நிறுத்தி, இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் ஓர் அறையில் கூடவே இல்லை என்று கோபப்பட வைத்தவர்கள் நீங்கள். அந்தக் கோபத்தை நான் நம்பினேன்.

பல ஆண்டுகளை ஏழு பகுதிகளில் அடக்கும்போது சுருக்கத்தான் வேண்டும், எனக்கும் புரிகிறது. இரண்டு மனிதர்களை ஒருவராக்குங்கள், மாதங்களை நாளாக்குங்கள். ஆனால் தீர்ப்பையும் வாக்கையும் மாற்றினால், பார்ப்பவர் அதையே உண்மை என்று எடுத்துக்கொள்வார். என் மகளுக்கு நூலகம் பக்கத்தில் இருந்தது. எல்லாருக்கும் அப்படி இருக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பகுதி முடிவிலும், பெயர்கள் ஓடத் தொடங்கும் முன், அரை நிமிடம் ஒதுக்குங்கள். இந்தப் பகுதியில் எதை மாற்றினோம், நடந்தது என்ன என்று நான்கு வரி போடுங்கள். ஆடை அணிகலனுக்கும் மெழுகுவத்தி வெளிச்சத்துக்கும் அவ்வளவு பாடுபட்ட உங்களுக்கு அது பெரிய வேலையே இல்லை.

அன்புடன்,
உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கும் ஒரு தகப்பன்