"ஏன்கா இவங்க ரோட்டுலயே கிடக்கறாங்க?" – ரோந்து வரும் காவலரான தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நேரில் பார்த்தால் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். கடிதத்தில் மட்டும் வயதுக்கான சலுகையை எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, வீடற்ற பெண்களுக்கான எங்கள் காப்பகத்து கேட்டில் நின்று கேட்டீர்கள். "இத்தனை காப்பகம் வச்சிருக்காங்க, சோறும் போடுறீங்க. அப்புறம் ஏன்கா இவங்க ரோட்டுலயே கிடக்கறாங்க?" கோபமில்லை, சலிப்புதான். நீங்கள் கூட்டிவந்த அம்மா ஜீப்பை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்ததில் வந்த சலிப்பு. பதில் சொல்வதற்குள் வாக்கி டாக்கியில் உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதிலை இங்கே எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதே கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்கள் உங்கள் அளவுக்குக்கூட அக்கறையில்லாமல் கேட்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு வயசுக்கு வரும் பருவத்தில் ஒரு பையன் இருக்கிறான். நீங்கள் அவரை எழுப்பியபோது அவன் நாலு கடை தள்ளி ஒரு ஷட்டருக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தான். பெண்கள் காப்பகத்தில் அந்த வயதுப் பையனைச் சேர்க்க முடியாது. ஆண் பிள்ளைகளுக்கான காப்பகம் வேறெங்கோ இருக்கிறது. விதியில் நியாயம் உண்டு; உள்ளே படுத்திருப்பவர்களில் பலர் ஆண்களிடம் அடிபட்டு வந்தவர்கள். ஆனால் மகனைத் தெருவில் விட்டுவிட்டு எந்தத் தாய் கட்டிலில் படுப்பாள்? குடும்பத்தோடு தங்கும் காப்பகம் அருகில் இருந்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருப்பார்.

பையன் ஒரு காரணம். இன்னொருத்திக்கு அது தள்ளுவண்டி. சங்கிலி போட்டு அதை அவள் விளக்குக் கம்பத்தில் கட்டியிருப்பாள். பக்கத்தில் படுக்கவில்லை என்றால் காலையில் வண்டி இருக்காது. வேறொருத்திக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் பூ மார்க்கெட்டில் வேலை. காப்பகம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருவாள்? அப்புறம் குடிப்பவர்கள். பெண்கள் குடிப்பதைப் பற்றி நாம் பேசவே மாட்டோம். குளிரும் பயமும் போக ராத்திரி கால் பாட்டில் போட்டுவிட்டுப் படுக்கும் பாட்டியைக் குடிவாசனைக்காகத் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. கட்டில் காலியாக இருக்கும். ரிஜிஸ்டரில் "வர மறுத்தார்" என்று எழுதப்படும். அதைப் படிக்கும் அதிகாரி, இவர்களுக்கு ரோடுதான் பிடிக்கிறது என்ற முடிவுக்கு வருவார்.

நீங்கள் வெளியூர் என்று பேச்சிலேயே தெரிந்தது. அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் ரோடு, யானைகவுனிப் பக்கம் நடைபாதையில் இருப்பவர்கள் எல்லாம் நேற்று ரயிலேறி வந்தவர்கள் இல்லை. பாட்டியும் அம்மாவும் அதே பிளாட்பாரத்தில் பிள்ளை பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். "சொந்த ஊருக்குப் போ" என்றால் அவர்களுக்கு அந்த நடைபாதைதான் சொந்த ஊர். வீடு கொடுத்தால் போக மாட்டார்களா என்பீர்கள். போனார்கள். நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் நகரத்திலிருந்து எத்தனையோ பேரைக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து பாரிமுனைக்கு வேலைக்கு வர சுமார் 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் பயணம். கடை கூட்டுவதும் மூட்டை பிரிப்பதும் அதிகாலை வேலைகள். வீட்டுக்காக வேலையை விட்டவள் சில மாதத்தில் வேலைக்காக வீட்டை விட்டுத் திரும்பி வந்துவிடுவாள். உடனே "வீடு கொடுத்தும் திரும்பி வந்துட்டாங்க பாருங்க" என்று ஒரு பேச்சு. தூரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

இனி உங்கள் வேலைக்கு நேராகச் சம்பந்தப்பட்டதற்கு வருகிறேன்.

தெருவில் இருக்கும் பெண்கள் ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பேர் தூங்கினால் ஒருத்தி விழித்திருப்பாள். தனியாக இருப்பவள் உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். அசந்து தூங்குவதெல்லாம் பகலில்தான். அதைப் பார்த்துத்தான் சோம்பேறிகள் என்று ஊர் பேசுகிறது. அவர்கள் படுக்கும் இடத்தையும் பாருங்கள். ஏடிஎம் வாசல், பெட்ரோல் பங்க் ஓரம், ஆஸ்பத்திரி வராண்டா, உங்கள் போலீஸ் பூத்தை ஒட்டிய திட்டு. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். லத்தியால் தரையைத் தட்டி "இங்க படுக்காதே, எழுந்து போ" என்று நீங்கள் சொன்னதும் அவள் காப்பகத்துக்குப் போவதில்லை. உங்கள் கண்ணில் படாத இருட்டுக்குப் போகிறாள். அங்கே என்ன நடக்கும் என்று உங்கள் ஸ்டேஷனுக்கு வரும் வழக்குகளிலிருந்து எனக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்பகத்தில் சேர்க்க முடியாத ராத்திரியில் குறைந்தபட்சம் அவளை வெளிச்சத்தை விட்டுக் கிளப்பாதீர்கள். மேலிடத்து உத்தரவு என்று ஒன்று இருக்கும், தெரியும். விஐபி வரும் ரோட்டில் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற நாட்களில் முடியும்.

இப்படி மறைந்து வாழ்வதால் கணக்கிலும் பெண்கள் குறைகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி ஒரே இரவில் எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்று வந்தது. ரயில்வே வெயிட்டிங் ஹாலில் டிக்கெட்டோடு பயணி மாதிரி உட்கார்ந்திருப்பவளையும், நோயாளிக்குத் துணை என்று சொல்லி வார்டுக்கு வெளியே படுத்திருப்பவளையும் எப்படி எண்ணியிருப்பார்கள்? இந்த வாரம் அக்கா வீடு, அடுத்த வாரம் வேலை செய்யும் வீட்டு மொட்டைமாடி என்று ஒண்டிக்கொண்டிருப்பவள் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். கணக்கில் குறைந்தால் காப்பகமும் குறையும்.

உங்கள் ஸ்டேஷன் படியேறி வரும் இன்னொரு வகை உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு நைட்டியும் துண்டுமாக, இடுப்பில் ஒரு குழந்தையோடு. புருஷன் அடித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியிருப்பான். "காலையில வாம்மா, கூப்பிட்டு வச்சுப் பேசிடலாம்" என்பது வழக்கமான பதில். காலை வரைக்கும் அவள் எங்கே இருப்பாள்? பஸ் ஸ்டாண்டில். பல பெண்களுக்குத் தெருவில் முதல் ராத்திரி இப்படித்தான் வருகிறது.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005ஐ உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதன் 5ஆம் பிரிவு, புகார் வந்ததும் அவளுக்கு என்னென்ன உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்வதைக் காவலரின் கடமையாக வைக்கிறது. 17ஆம் பிரிவுப்படி, வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. மாமனார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "வீடு எங்கப்பா பேர்ல இருக்கு, வெளிய போடி" என்று உங்கள் முன்னாலேயே கத்தும் மாப்பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கும். 19ஆம் பிரிவில், புருஷனையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நானே ஒரு காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு சொல்கிறேன்: அடிபட்டவளைக் காப்பகத்துக்கு அனுப்புவதும் அடித்தவனை வீட்டில் படுக்க வைப்பதும் தலைகீழ். நம்மிடம் கட்டில் இருக்கிறது என்பதற்காக அவளுடைய வீட்டை அவள் விட்டுவிடக் கூடாது.

ஆனால் அந்த உத்தரவு வர நாளாகும். அதுவரைக்கும் அவள் தங்குவதற்கு 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு வந்த நிர்பயா நிதியில், 2015இலிருந்து வந்த திட்டம். அவசரத் தங்கல், மருத்துவம், வக்கீல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். நல்ல திட்டம்தான். ஆனால் அங்கே தங்குவது பொதுவாக ஐந்து நாள். எந்தக் குடும்ப வழக்கு ஐந்து நாளில் முடிந்திருக்கிறது? ஆறாம் நாள் அவளை வேறொரு இல்லத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தார்களா என்று கேட்க ஆள் இல்லையென்றால் மறுபடி பஸ் ஸ்டாண்டுதான். உங்கள் ஸ்டேஷனிலிருந்து போன கேஸ் என்றால், ஐந்தாம் நாள் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, கிழிந்த துணியோடு திரிபவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் பயமாக இருக்கும். அதில் தப்பில்லை. மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 100ஆம் பிரிவு இதை நேராக ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் தலையில் வைக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்ஐஆர் போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷனின் கடமை. எங்களிடம் கொண்டுவந்து விட்டதோடு அது முடிவதில்லை. எந்த ஊரிலோ ஒரு ஸ்டேஷனில் இவரைக் காணவில்லை என்று கொடுத்த புகார் தூசி படிந்து கிடக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களால்தான் முடியும், என்னால் முடியாது.

குடும்பம் கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் இப்படித் திரிந்த பெண்களுக்காகத்தான் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். குணமாகியும் போக வீடில்லாதவர்களை, சாதாரணத் தெருவில் நாலைந்து பேராக வாடகை வீட்டில் குடிவைக்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. சமையலும் சண்டையும் டிவி சீரியலுமாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் வாழ்கிறார்கள். ஆயுசுக்கும் காப்பகத்துக் கட்டில்தான் கதி என்று இல்லை. எனக்கு நம்பிக்கை தரும் விஷயங்களில் இது முக்கியமானது.

தெருவில் இருப்பவர்கள் வைத்திருக்கும் மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடைபாதையைச் சுத்தம் செய்ய லாரி வரும்போது பாதுகாப்புக்கு உங்களைத்தான் நிறுத்துகிறார்கள். அந்த அழுக்கு மூட்டைக்குள்ளே பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஆதார், பாஸ்புக், பிள்ளையின் பிறப்புச் சான்று இருக்கும். அது லாரியில் போனால் அவளுக்கு மறுபடி சேர்க்க வருஷக்கணக்காகும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் ரேஷன் கார்டை வைத்துத்தான். விலாசம் இல்லாதவளுக்குக் கார்டு கிடைப்பதே பெரும்பாடு. யாருக்கு அந்த ஆயிரம் அதிகம் தேவையோ அவளுக்கே அது வராமல் போகிறது. லாரியில் ஏற்றும் முன் அவரவர் கவரை எடுத்துக்கொள்ள ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தில் கேட்பார்கள்.

காப்பகங்களும் தானாக வந்துவிடவில்லை. டெல்லியில் குளிர்காலத்தில் ஒரு தற்காலிகக் காப்பகத்தை இடித்த விவகாரம், உணவு உரிமைக்காக நடந்துவந்த வழக்கில் எழுந்தது; அதைத் தொடர்ந்து 2010இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்பது அளவு. 2011 கணக்குப்படி விரிவாக்கப்பட்ட சென்னையில் மக்கள் 66 லட்சத்துக்கு மேல். எத்தனை காப்பகம் வேண்டும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிகள் ஆளுக்கு 50 சதுர அடி இடம் கேட்டன. வாக்காளர் அட்டை, ரேஷன், பென்ஷன் வாங்கித் தருவதையும் காப்பகத்தின் வேலையில் சேர்த்தன. சோறும் பாயும் போட்டால் போதும் என்று நினைக்கும் காப்பகங்கள் இதைப் படித்ததே இல்லை.

அடுத்த முறை ஒருத்தியை எழுப்பும்போது, ஜீப்பில் ஏற்றும் முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "கூட யாரும்மா இருக்காங்க?", "காலையில எங்க வேலை?" பதிலை வைத்து எந்தக் காப்பகம் என்று முடிவு செய்யலாம், அல்லது அன்றைக்குக் காப்பகமே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். மாநகராட்சிக்கு 1913, பெண்கள் உதவிக்கு 181 என்று மனப்பாடமாகவே வைத்திருப்பீர்கள். குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் உங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் நம்பரையும் ரைட்டர் மேசைக்கு மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் கேட் பூட்டியிருந்தால் பெல்லை அழுத்துங்கள். எத்தனை மணியானாலும் நாங்கள் திறந்தாக வேண்டும். திறக்கவில்லை என்றாலோ, திறந்து சாக்குச் சொன்னாலோ எழுத்தில் புகார் கொடுங்கள். அன்றைக்கு டூட்டியில் நான் இருந்தாலும் சரி.

அன்புடன்,
காப்பகத்து அக்கா