குழம்பில் மீன் துண்டை எடுத்துவிட்டால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறைச்சி, மீன், முட்டையோடு பாலையும் விட்டுத் தாவர உணவுக்கு மாறும் கல்லூரி மாணவர்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதிய தங்கள் கட்டுரையாளர், ‘கைப்பேசியைப் பார்த்து வந்த மோகம், விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் தெளிந்துவிடும்’ என்று ஒரே வரியில் தீர்ப்பளித்திருந்தார். நாகர்கோவில் அருகே ஒரு மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், எந்த விடுதியில் சாப்பிட்டு அவர் இதைக் கண்டறிந்தார் என்று அறிய ஆவலாக உள்ளேன்.

கோழிப்பண்ணையைப் பார்த்துவந்த விலங்கியல் மாணவி ஒருத்தி அன்றிரவே முட்டையை ஒதுக்கினாள். இன்னொருத்தி, மனிதச் செயல்களால் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பைச் சார்ந்தது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் கூறியதை எடுத்துவைத்து எனக்கே பாடம் நடத்தினாள். முகப்பருவுக்குப் பயந்து பாலை விட்டவர்களும், அறைத்தோழியைப் பார்த்து மாறியவர்களும் உண்டுதான். ஆனால் கடலோர வீட்டில் பிறந்த பெண், அம்மா வைத்த சாளை மீன் புளிமுளத்தை வேண்டாம் என்று சொல்லி வசவு வாங்குவது வெறும் மோகத்தினாலா?

மீன் வேண்டாம் என்றவளுக்குத் துண்டை மட்டும் அகப்பையால் ஒதுக்கிவிட்டு அதே குழம்பை ஊற்றி, “துண்டு போடலியே மக்ளே, பின்ன என்ன?” என்று பரிமாறுபவர் கேட்டதை நான் நேரில் கண்டேன். எழுத்தில் முறையிட்டபோது நிர்வாகம் அருளியது வாரம் இருமுறை பன்னீர்! பாலைத் தொடாதவர்களுக்குப் பன்னீர்! தயிரை மறுக்கும் பெண்ணிடம் சாதியை விசாரிக்கும் பெரியவர்களைப் பற்றி நான் முன்பு அனுப்பிய கடிதமும் இடமின்மையால் போலும், இன்றுவரை வெளிவரவில்லை. அந்த வாரம் பிரியாணிக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்திருந்தது.

காணம் எனும் கொள்ளில் அரைக்கும் துவையல், பிஞ்சுப் பலாவில் செய்யும் இடிச்சக்கைத் துவரன், கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கு என நம் மாவட்டத்து அடுக்களையில் பால் சேராத உணவு எவ்வளவு உண்டு என்பதும், ஈஸ்டருக்கு முந்தைய கிறிஸ்தவ நோன்பான தபசுக்காலத்தில் எத்தனை வீடுகளில் இறைச்சி நுழைவதில்லை என்பதும் தாங்கள் அறியாததல்ல. தாவர உணவை மட்டும் உண்பவர்கள் வைட்டமின் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுக்க வேண்டும் என்ற பயனுள்ள செய்தியையாவது, தீர்ப்பெழுதிய இடத்தில் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

மாதம் ஒருமுறையேனும், பாலும் பன்னீரும் முந்திரியும் சேராமல் விடுதியில் நூறு பேருக்குச் சமைக்கத்தக்க ஒரு குறிப்பைத் தங்கள் சமையல் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன். காணத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்,
தக்கலை.