‘அடிச்சாங்க’ என்றால் எத்தனை பேர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் காவல் நிலையங்களில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறவள். ஆங்கிலம் தெரியாமல் போலீஸில் மாட்டிக்கொண்டவர்களும், உதவி கேட்டு அங்கே போனவர்களும் சொல்வதை அதிகாரிக்குச் சொல்வதும், அதிகாரி கேட்பதை அவர்களுக்குச் சொல்வதும்தான் என் பிழைப்பு. நான் உள்ளே போவதற்கு முன்பே அந்த அறையில் நடந்து முடிந்துவிடுகிற காரியங்களைப் பற்றி உங்கள் வாசகர்களிடம் சொல்லவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். போனபோது ஒரு பெண்ணின் வாக்குமூலம் பாதி எழுதியாகியிருந்தது. மொழிபெயர்த்துக் கொடுத்தது அவருடைய மகன், 11 வயது. அவர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள், அவர்கள் குடித்திருந்தார்கள், அவர்கள் அடித்தார்கள் என்று ஆங்கிலத்தில் வரிசையாகப் பன்மையில் எழுதியிருந்தது. யாரோ நாலைந்து பேர் வீட்டுக்குள் புகுந்து அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, அதிகாரி ரோந்து வண்டிக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, “எத்தனை பேர் வந்தாங்கம்மா?” என்றேன். அந்தப் பெண் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “எத்தனை பேரா? அவங்க மட்டும்தான். இவனோட அப்பா.”

தமிழ் பேசுகிற யாருக்கும் இது உடனே விளங்கும். புருஷனைச் சொல்லும்போது ‘வந்தாங்க’, ‘அடிச்சாங்க’ என்று மரியாதையாகச் சொல்லியே வளர்ந்தவர், அடிவாங்கிய அன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவார். பையன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினான். அவன்மேல் தப்பே இல்லை. அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததுதான் தப்பு. ஒரு பெண் காவலர் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போன பிறகுதான், அம்மா துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். அதுவரை அவர் அதைச் சொல்லவே இல்லை. மகன் வாயால் சொல்லவைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? புருஷன் கழுத்தை நெரித்திருக்கிறான் என்று தெரிந்ததும் வழக்கின் கனமே மாறிவிட்டது.

இரண்டு மொழி தெரிந்தால் போதும், மொழிபெயர்த்துவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், போலீஸும் அப்படித்தான் நினைக்கிறது. ஆனால் சின்னச் சின்ன இடத்தில்தான் கால் வழுக்கும். ‘நாம போனோம்’ என்றால் கேட்கிறவரும் கூடப் போனவர், ‘நாங்க போனோம்’ என்றால் கேட்கிறவர் போகவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்ட பதிவு ஒன்றை வைத்து யார் சம்பவ இடத்தில் இருந்தார் என்று பார்க்கிற வழக்கில், இது ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ‘அண்ணன்’ என்று சொன்னவுடன் கூடப்பிறந்தவர் என்று எழுதிக்கொள்வார்கள், அப்புறம் பெற்றோர் பெயர் ஒத்துப்போகவில்லை, பொய் சொல்கிறார் என்பார்கள். கோபத்தில் ‘கொன்னுடுவேன்’ என்று சொன்னது, சொன்ன தொனியும் சந்தர்ப்பமும் இல்லாமல் காகிதத்தில் ஏறினால் கொலை மிரட்டல். இதெல்லாம் போக, தமிழிலேயே ஒரு தமிழ் இன்னொரு தமிழுக்கு விளங்காத இடங்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் ‘அவர் எனக்குப் பேசினார்’ என்றால் திட்டினார் என்று அர்த்தம், சாதாரணமாகப் பேசியதை அவர் ‘கதைச்சார்’ என்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த நான் இதை வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் எத்தனை பேரின் சண்டையை வெறும் பேச்சாக மாற்றிக் கொடுத்தேனோ என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

எல்லா மொழிக்காரர்களுக்கும் இதே கதைதான். 1986-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மெக்ஸிகோவிலிருந்து வந்த ஒரு இளம் பண்ணைத் தொழிலாளிக்குக் கொலைக் குற்றம் சாட்டித் தண்டனை கொடுத்தார்கள். அவருடைய மொழி மிஷ்டெக். மெக்ஸிகோக்காரர்தானே என்று நினைத்து வழக்கை ஸ்பானிய மொழியில் நடத்தினார்கள், மிஷ்டெக்குக்கும் ஸ்பானியத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1991-ல்தான் அவர் வெளியே வந்தார். 2013-ல் இன்னொரு வழக்கு. பணம் இல்லாதவர்களுக்கு வக்கீல் இலவசம் என்று சொல்லவேண்டிய இடத்தில், ஒரு அதிகாரி ஸ்பானிய மொழியில் ‘லிப்ரே’ என்று சொல்லிவிட்டார். அது சுதந்திரமாக, வேறு வேலையில்லாமல் இருப்பதைக் குறிக்கிற சொல். காசு வேண்டாம் என்பதற்கு ‘கிராட்டிஸ்’ என்று சொல்லியிருக்கவேண்டும். உரிமையைச் சரியாகச் சொல்லவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 2017-ல் கான்சஸில், கூகுள் டிரான்ஸ்லேட்டை வைத்துக்கொண்டு ‘காரைச் சோதனை போடலாமா’ என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார், செயலி கொடுத்த ஸ்பானிய வாக்கியத்துக்கு ‘காரைத் தேடலாமா’ என்றும் அர்த்தம் வரும். அந்தச் சம்மதம் செல்லாது, காரில் கிடைத்த போதைப்பொருளையும் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2018-ல் நீதிபதி சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளருக்குச் செலவாகிறது என்று முணுமுணுக்கிற அதிகாரிகளிடம் நான் இந்தக் கான்சஸ் வழக்கைத்தான் சொல்வேன்.

‘புரியுதா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்று தலையாட்டுவது இன்னொரு பெரிய ஆபத்து. பயத்தில் இருக்கிறவர், அதிகாரம் உள்ளவர் எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நினைப்பார். நம் ஆட்கள் ‘ஆமா, ஆமா’ என்பது பாதி நேரம் ‘கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க’ என்பதுதான், ஒப்புக்கொண்டது அல்ல. ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில் 1976-லேயே அனுங்கா வழக்கில் நீதிபதி ஃபார்ஸ்டர் இதைக் கவனித்தார். ஆதிக்குடி மக்களை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும், துணைக்கு அவர்கள் நம்புகிற ஒருவர் வேண்டும், பதிலை வாயில் ஊட்டுகிற கேள்வி கூடாது, பேசாமல் இருக்க உரிமை உண்டு என்று சொன்னால் மட்டும் போதாது, அதை அவர்களே தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும் என்று வழிமுறை வகுத்தார். இத்தனைக்கும் பிறகு, பக்கத்து மாநிலமான மேற்கு ஆஸ்திரேலியாவில் பின்டுபி மொழி பேசுகிற ஓர் இளைஞரை 2012-ல் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் விசாரித்தார்கள். அந்த விசாரணை பிறகு சான்றாக நிற்கவில்லை. அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவான தண்டனையையும் 2017-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் கிட்டத்தட்ட 5 ஆண்டு உள்ளே இருந்துவிட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1966-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 14-வது பிரிவு இலவச மொழிபெயர்ப்பாளர் உதவியை உறுதி செய்கிறது. ஆனால் அது சொல்வது நீதிமன்றத்தில் பேசப்படும் மொழி தெரியாதவர்களைப் பற்றி. வழக்கின் தலையெழுத்தோ அதற்கு முன்பே ஸ்டேஷனில் எழுதியாகிவிடுகிறது. 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த 2010/64 என்ற ஆணை இதைப் புரிந்துகொண்டு, போலீஸ் விசாரணைக்கும் வக்கீலுடன் பேசுவதற்கும் மொழிபெயர்ப்பு உண்டு, வழக்கு எப்படி முடிந்தாலும் செலவு அரசுடையது என்று சொல்லிவிட்டது. உண்மையில் எனக்குத் தெரிந்து நல்ல சட்டம் இதுதான். ஏட்டில் இருப்பது இரவு பதினொரு மணிக்கு வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை.

காது கேளாதவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சைகை மொழிதான் அவர்கள் மொழி, கை பின்னால் விலங்கிட்டால் வாயைக் கட்டியது மாதிரி. ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னால் போதும் என்பார்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி, நமக்கு ஆங்கிலம் மாதிரி.

போலீஸ்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பிள்ளையையோ, வீட்டுக்காரரையோ, பக்கத்து அறையில் அந்த மொழி கொஞ்சம் தெரிந்த இன்னொரு போலீஸ்காரரையோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். உயிர் போகிற அவசரத்தில் ‘எங்கே, யார்’ என்று கேட்கச் சரி, வாக்குமூலத்துக்கு வேண்டாம். என்னைப் பார்த்து ‘அவரிடம் கேளுங்கள்’ என்று சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்து நேராகக் கேளுங்கள், அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்வேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சொன்ன மொழியிலேயே ஒலிப்பதிவு இருக்கட்டும். என் மொழிபெயர்ப்பு தப்பாக இருந்தால் பிறகு இன்னொருவர் கேட்டுக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி. நானும் தப்பு செய்வேன். ஆங்கிலக் காகிதம் மட்டும் மிஞ்சியிருந்தால், என் தப்பு அந்த மனிதரின் வார்த்தையாகவே நிலைத்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒன்று. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதற்காகக் கூச்சப்பட்டுச் சமாளிக்காதீர்கள். கடையில் பேசுகிற ஆங்கிலம் வேறு, விசாரணை அறையில் மூன்று மணி நேரம் பேசுகிற ஆங்கிலம் வேறு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், எந்த ஊர்த் தமிழ் என்பதையும் சொல்லுங்கள். வந்தவர் பேசுவது விளங்கவில்லை என்றாலோ, அவர் உங்களுக்கோ எதிராளிக்கோ தெரிந்தவர் என்றாலோ, வேறு ஆள் கேட்கலாம். நான் அறைக்குள் வரும்போது யாராவது அப்படிக் கேட்டால் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இருக்காது. கையெழுத்துப் போடுமுன், எழுதியது முழுவதையும் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், முக்கியமாக எங்கெல்லாம் ‘அவர்கள்’ என்று வருகிறது என்று கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காவல் நிலைய மொழிபெயர்ப்பாளர்