கோடியக்கரைப் பயணமும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றுள்ளனர்; அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்ற சனிக்கிழமை ஏழாம் வகுப்பு மாணவர்களைக் கோடியக்கரைச் சரணாலயத்துக்கு அழைத்துச் சென்றோம். வெளிமான்களைக் காக்க 1967இல் அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்புச் சதுப்பு, கடற்கரை ஆகிய அனைத்தையும் பிள்ளைகள் ஒரே நாளில் பார்த்தார்கள். அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் நுழைத்து இரை தேடிய பூநாரைகளின் முன் அவர்கள் வாய்திறவாமல் நின்றதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் புல்வெளியில் நடந்ததைப் பேசாமல் விட முடியவில்லை. சொந்த வாகனங்களில் உடன் வந்த பெற்றோர் சிலர் பாதையை விட்டிறங்கி, புல்லுக்குள் படுத்திருந்த வெளிமான் குட்டியொன்றைத் தாய் கைவிட்டதாக எண்ணிச் சூழ்ந்துகொண்டு, கையில் தூக்கிப் படமும் எடுத்தார்கள். அது கழுத்தைத் தரையோடு ஒட்டி அசையாமல் கிடந்தது கைவிடப்பட்டதால் அன்று. பிறந்த சில நாட்கள் வரை தாய் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டுத் தொலைவில் மேயும். பாலூட்ட மட்டுமே வந்து போகும். மனிதர் சூழ்ந்து நிற்கும்வரை அது நெருங்காது. ஓடித் தப்பும் விலங்குக்குத் திறந்த புல்வெளியே அரண். அதையும் சீமைக்கருவேலம் ஏற்கெனவே ஆக்கிரமித்து வருகிறது.

உங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் வெளிமானைப் பிடிப்பதும் விரட்டுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதையை விட்டு விலகாதே என்று பிள்ளைகளுக்கு மூன்று முறை சொன்ன ஆசிரியர்கள், பெரியவர்களே அதை மீறியபோது பேச வழியின்றி நின்றார்கள். இனி உடன் வருவோர் பள்ளிப் பேருந்தில் மட்டுமே வரலாம். ஆசிரியர் சொல்லை மீறுவோர் மறுமுறை அழைக்கப்பட மாட்டார்கள். இதில் விலக்கு கிடையாது.

முன்கூட்டியே விளக்காதது எங்கள் குறை, அதை ஏற்கிறேன். நிலைமையை உணர்ந்து அனைவரையும் சாலைக்கு அழைத்துவந்த தாயாருக்கும், காலிப் பைகளைப் பொறுக்கி எடுத்துவந்த பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி. பேருந்து புறப்பட்டபோது பிணைமான் ஒன்று அந்தப் பக்கமாகத் திரும்பி வந்ததைப் பின்னிருக்கைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்த பயணத்துக்கான ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்