கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை மாதம்?

ஹெபடைடிஸ் பி-க்குப் புது மருந்து தேடும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாகத் தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை விழுங்கும் நோயாளி எழுதுகிறேன். அது வைரஸை அடக்கி வைக்கிறது, ஒழிப்பதில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸ் தன் மரபணுவை வளையமாக ஒளித்து வைத்திருக்கிறது. மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. அதனால் உங்கள் புது ஊசி மருந்துச் சோதனையில் சேர நீங்கள் அனுப்பிய ஒப்புதல் படிவத்தை ஆசையோடுதான் பிரித்தேன்.

முதல் பக்கத்திலேயே ஹெபடைடிஸ் சி-யின் வெற்றிக் கதை. 1989-ல் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-ல் 95 பேருக்காவது குணமாகிறது. உண்மைதான். ஆனால் பி-க்கான ஆய்வில் நடந்ததைப் பற்றி, ஃபியாலுரிடின் என்ற மருந்தைப் பற்றி, 14 பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கல்லீரல் மருத்துவர் ஜே ஹூஃப்நேகல், சி வைரஸுக்குப் பெயர்கூட இல்லாத காலத்தில், அந்த நோயாளிகள் 10 பேருக்கு இன்டர்ஃபெரான் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்து 1986-ல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டவர். 1993-ல் அவர் குழு ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலுரிடின் கொடுத்தது. வைரஸ் அளவு நன்றாக இறங்கியது. சில வாரம் போனது. அப்புறம் ஒவ்வொருவராக விழ ஆரம்பித்தார்கள். மருந்தை நிறுத்தியும் பயனில்லை; 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, 5 பேர் இறந்தார்கள், 2 பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை மருந்து கெடுத்திருந்தது. முன்பு நடந்த விலங்குச் சோதனைகள் அதைக் காட்டவில்லை. மனிதக் கல்லீரல் செல் பொருத்திய எலிகளில் அந்த நச்சுத்தன்மை தெரிந்ததாக 2014-ல்தான் வெளியானது.

அந்தக் குழு நடந்ததை மறைக்காமல் 1995-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது. எந்த மருந்து கல்லீரலை எப்படிக் கெடுக்கும் என்று யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய லிவர்டாக்ஸ் என்ற தரவுத்தளத்தை 2012-ல் உருவாக்கியதிலும் முன்னின்றவர் அதே ஹூஃப்நேகல். என்னைக் கேட்டால், அவர் செய்ததில் இதுதான் பெரிது. சளி மாத்திரையைக்கூட அதில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். என் மருத்துவருக்கு இது கொஞ்சம் எரிச்சல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தின் 11-ஆம் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை அட்டவணை கடைசி ஊசியோடு முடிந்துவிடுகிறது. அதன் கீழே இன்னொரு வரி சேருங்கள்: ஊசி நின்ற பிறகு எத்தனை மாதம் என்னைக் கவனிப்பீர்கள், நள்ளிரவில் வாந்தி எடுத்தால் யாரை அழைக்க வேண்டும். ஃபியாலுரிடினைப் பற்றி ஒரு பத்தியும் வேண்டும், எளிய மொழியில். அவற்றோடு படிவம் வரட்டும், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.